மூத்தவளை அனுப்பிய பிறகு

எங்கள் வீட்டு மிக்ஸி என்னைவிட மூத்தது. கல்யாணமாகி வந்த முதல் தீபாவளிக்குக் கிடைத்த போனசில் அம்மா தானே கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்து வாங்கியது. அடுத்த தீபாவளிக்கு முன் நான் பிறந்துவிட்டேன். அதனால் வீட்டில் அதற்கு மூத்தவள் என்று பெயர் விழுந்தது. முதலில் அப்படி அழைத்தது யார் என்பதில் அம்மாவும் அப்பாவும் இன்றுவரை ஒத்துப்போனதில்லை. "மூத்தவளுக்குத் தொண்டை கட்டிருச்சு, கார்பன் மாத்தணும்" என்று அம்மா சொல்வாள். "அவளத் தொடைக்கிற துணி என் சட்டையவிட வெளுப்பா இருக்கு" என்பார் அப்பா.

வாங்கியபோது வெள்ளையாக இருந்ததாம். நான் அறிந்த நாள் முதல் அது பழைய பல்லின் நிறம். திருகும் குமிழைச் சுற்றியிருந்த எண்கள் அழிந்துவிட்டன. சின்ன ஜாருக்கு மூடி இல்லை. ஒரு சில்வர் தட்டை வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொள்ள வேண்டும். பெரிய ஜாரின் கைப்பிடி விரிசல் விட்டபோது, அம்மா அதன்மேல் சணலை இறுக்கிச் சுற்றினாள். அவள் பட்டாசுக் கம்பெனியில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றும் பிரிவில் இருக்கிறாள். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் நகம் நுழையாது. தொடங்கிய நுனியும் முடிந்த நுனியும் கண்ணுக்குத் தெரியாது. ஜாரின் அடியில் அவள் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. பெயர் வெட்டுகிறவர் இனிஷியல் கேட்டபோது, பழக்கத்தில் தன் அப்பாவின் எழுத்தைச் சொல்லிவிட்டாளாம். கல்யாணத்துக்கு முந்தைய அவளுடைய பெயர் எங்கள் வீட்டில் எழுதப்பட்டிருக்கும் ஒரே இடம் அந்த ஜாரின் அடிப்பாகம்.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். காலையில் கம்பெனி வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளும். மாலையில் கொண்டுவந்து இறக்கும். அம்மா இருப்பது சணல் பிரிவானாலும், வெடிமருந்துப் பிரிவுக்காரர்களோடு இடித்துக்கொண்டு ஒரே வேனில் வருவதால் அவள் முழங்கையிலும் வெள்ளிப் பொடி மினுங்கும். வந்ததும் கொல்லைப்புறம் போய்க் குளித்து, சேலை மாற்றிய பிறகே வீட்டுக்குள் வருவாள். அதுவரை, பொறி பட்டுவிடும் என்று, எந்தச் சுவிட்சையும் தொடமாட்டாள். செருப்போடு சாமி அறைக்குள் போவது மற்ற வீடுகளில் எப்படியோ, குளிக்காமல் சுவிட்சைத் தொடுவது எங்கள் வீட்டில் அப்படி. வாசலில் நின்றபடி, "பாப்பா, லைட்டப் போடு" என்று அவள் கூப்பிட, நான் புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து போய்ப் போடுவேன். எனக்கு அந்த வீட்டில் ஒதுக்கப்பட்டிருந்த வேலை ஏறக்குறைய அது ஒன்றுதான். சமையலறைக்குள் போனால், "நீ போயிப் படி" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

முதுகலை இலக்கியம் படிக்க விருதுநகருக்கு வந்தேன். விடுதிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல், வகுப்புத் தோழிகள் இருவரோடு ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிடத் தொடங்கியது போன தீபாவளிக்குப் பிறகு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் வந்து இறங்கினார்கள். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். அச்சகங்களிலிருந்து லேபிள் பேப்பரைப் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். அந்த வண்டியின் முன்னிருக்கையில், அம்மாவின் மடியில், சாக்குப் பையில் கட்டப்பட்டு மூத்தவள் வந்திருந்தது.

மாடிப்படியில் ஏறும்போதே அம்மா அலுத்துக்கொண்டாள். "என்ன படி இது, செவுத்துல ஏறுற மாதிரி. மழை பெஞ்சா எப்பிடி ஏறுவீக?"

அறைக்குள் வந்து மூத்தவளை மேடையில் வைத்து, முந்தானையால் ஒருமுறை துடைத்தாள்.

"ஒனக்கு எதும்மா?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் கம்பெனியில புதுசு குடுத்திருக்காகளே, தீவாளிக்கு."

"அப்ப அந்தப் புதுசை எனக்குக் குடு. இது ஒன் மிக்ஸி."

"புதுசுக்கு ஒன்னையத் தெரியாது" என்றாள்.

நான் சிரித்தேன். அப்பா சன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்போது ஒரு வார்த்தையும் பேசாததை நான் கவனிக்கவில்லை என்று எழுதினால் அது சரியாகாது. கவனித்தேன், ஆனால் வண்டியை நிறுத்தியிருக்கும் இடத்தைப் பற்றிய கவலை என்று எடுத்துக்கொண்டேன்.

தோழிகளில் ஒருத்தி ஜாரின் சணல் சுற்றிய கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இதுக்குத் திரி எங்கடீ இருக்கு?" என்றாள். முதல் வாரம் அதைத் தொடவே பயந்தவர்கள், மாதம் திரும்புவதற்குள் அதை உரிமையோடு அதட்ட ஆரம்பித்தார்கள். தேங்காய்ச் சட்னி, பருப்புப் பொடி, வெயில் ஏறிய பிறகு ஐஸ் போட்ட காப்பி. விளையாட்டுக்குக்கூட ஓட்டினோம். அதன் இரைச்சல் தொடங்கும்போது எனக்கு எங்கள் வீட்டுக் காலை முழுதாகத் திரும்பிவரும். நான் பாயில் படுத்திருக்க, அம்மா சமையலறையில் என் மதியச் சாப்பாட்டுக்கு அரைத்துக்கொண்டிருக்கும் காலை. வேலை முடிந்த பிறகும் அதன் சூடான உடம்பின்மேல் சற்று நேரம் கை வைத்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சுகத்தை நான் இப்போது எண்ணிப் பார்க்க விரும்புவதில்லை.

தினமும் காலையில் வேன் வருவதற்கு முன் அம்மாவோடு போனில் பேசுவேன். அவளிடம் இருப்பது பட்டன் போன். கம்பெனிக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். பெரும்பாலும் அவள் பேச்சுக்குப் பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்.

"அம்மா, புது மிக்ஸி நம்ம மூத்தவளைவிட ரொம்பச் சத்தம்."

"ஆமா, இந்தக் காலத்துச் சாமான். வாய் ஜாஸ்தி."

"ஆஃப் பண்ணும்மா, நீ பேசுறது கேக்கல."

"இரு, ஆஃப் பண்றேன்."

உடனே நிற்காது. சத்தம் படிப்படியாகத் தேய்ந்து, எங்கோ போய், அப்புறம் இல்லாமலாகும். மூத்தவள் அப்படியல்ல, குமிழைத் திருப்பினால் சத்தத்தைக் கத்தரித்தாற்போல நின்றுவிடும். புதிய மிக்ஸிகளுக்கு அது ஒரு வசதி போலும் என்று நினைத்தேன். ஒரு கவிதையில் ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று மணிக்கணக்கில் விவாதிக்கப் பழகிக்கொண்டிருந்தவள், இதை அப்படியே விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும்கூட, "நீ அலையாத, நாங்க வாறோம்" என்று அம்மாவும் அப்பாவுமே விருதுநகருக்கு வந்து போனார்கள். இந்த ஆவணியில், வார நடுவில் கல்லூரிக்கு எதிர்பாராமல் ஒரு நாள் விடுமுறை விட்டார்கள். சொல்லாமல் ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு அது சீசன். வேன் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் வரும். பக்கத்து வீட்டு அத்தையிடம் சாவி வாங்கித் திறந்து, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். மூத்தவள் இருந்த மேடையில் அரிசி டின் இருந்தது. அதன் பின்னால் இருந்த பிளக் பாயிண்டை மறைத்து மாதக் காலண்டர் தொங்கியது. புது மிக்ஸி மேடையிலும் இல்லை, அலமாரியிலும் இல்லை, பரணிலும் இல்லை. கொல்லைக் கதவைத் திறந்தபோது அம்மி கிடந்தது. அதை நான் துணி துவைக்கும் கல்லின் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட கல்லாகவே பார்த்து வளர்ந்திருக்கிறேன். இப்போது நிமிர்ந்து, கழுவப்பட்டு, குழவியின் இடுக்கில் வற்றல் மிளகாயின் சிவப்போடு இருந்தது.

அத்தை தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அம்மா புது மிக்ஸியை எங்க வச்சிருக்காங்க?"

"எந்த மிக்ஸி?"

"தீபாவளிக்குக் கம்பெனியில குடுத்தது."

"கம்பெனியில எவன் மிக்ஸி குடுத்தான்? ஹாட்பாக்ஸுல்ல குடுத்தாக" என்றவள், மடித்துக்கொண்டிருந்த பெட்டியோடு கையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஆத்தாடி. ஒங்கம்மா என்னையக் கொன்னே போடுவா."

"போன்ல சத்தம் கேக்குமே அத்தை."

இனி மறைத்துப் பயனில்லை என்று அத்தைக்குத் தோன்றியிருக்க வேண்டும். சிரித்தேவிட்டாள். "அது என் மிக்ஸிதான். ஒன் போனு அடிச்சதும், 'மதினி, மிக்ஸியப் போடுங்க, மிக்ஸியப் போடுங்க'ன்னு போனத் தூக்கிட்டு எங்க அடுப்படிக்கு ஓடியாருவா. அரைக்க ஒண்ணும் இல்லாட்டி வெறும் ஜாரப் போட்டு ஓட்டுவேன். ஒருநா கரண்டு இல்ல. 'நான் வேணா வாயால சத்தம் குடுக்கட்டுமா மதினி'ன்னு கேட்டேன். மொறைச்சா பாரு ஒரு மொறை!"

"நான் ஆஃப் பண்ணச் சொன்னா?"

"பேசிக்கிட்டே இங்கனயிருந்து ஒங்க வீட்டுக்கு நடந்து போயிருவா."

அந்தச் சத்தம் தேய்ந்துபோனதன் காரணம் அதுதான். இத்தனை மாதங்களாக நான் போனில் கேட்டுக்கொண்டிருந்தது, அம்மா ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நடந்துபோவதை.

இருட்டிய பிறகு வேன் வந்தது. அம்மா வாசலில் என்னைப் பார்த்ததும் முதலில் சிரித்தாள். பிறகு என் பின்னால் சமையலறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள். உள்ளே வந்து எதையாவது மூடவோ மறைக்கவோ அவளால் முடியாது, இன்னும் குளிக்கவில்லை.

"லைட்டப் போடு பாப்பா" என்றாள்.

போட்டேன். அவள் வலது மணிக்கட்டில் ஒரு பழைய துணி சுற்றியிருந்தது. சணல் இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலில் விழுந்திருக்கும் பள்ளம் எனக்குத் தெரியும். மணிக்கட்டின் வீக்கம் புதிது. அவள் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். நான் குளியலறைத் தகரக் கதவுக்கு வெளியே போய் நின்றேன்.

"ஏம்மா பொய் சொன்ன?"

உள்ளே ஒரு சொம்புத் தண்ணீர் விழும் சத்தம்.

"யாரு, மதினி சொன்னாளா? அவ வாயில திரியத்தான் வைக்கணும்."

"எத்தனை மாசமா அம்மியில அரைக்கிற?"

மறுபடி தண்ணீர். பதில் வேண்டாத கேள்விகளுக்கெல்லாம் அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

"புதுசு ஒண்ணு எனக்கு வாங்கியிருக்கலாம். இல்ல, ஒனக்கு வாங்கியிருக்கலாம்."

"ஒனக்கா?" என்றாள். தண்ணீர் நின்றது. "பொட்டப் பிள்ளைக மூணும் தனியா இருக்கீக. கடையில அவன் எடுத்துக் குடுக்குற புதுச் சாமான நம்பி நான் எப்பிடிக் குடுப்பேன்? மூத்தவ இம்புட்டு வருசத்துல ஒரு பொறி விட்டிருக்காளா? ஒரு தடவை யாரையாச்சும் ஷாக் அடிச்சிருக்காளா?"

"சரி, நீயாவது புதுசு வாங்கிக்கலாமே?"

"எங் கையில மருந்து ஊறிக் கெடக்கு. எம்புட்டுத் தேச்சுக் குளிச்சாலும் கெடக்கும். மூத்தவளுக்கு என் கையப் பத்தித் தெரியும். புதுசுக்கு என்ன தெரியும்?"

சணல் பிரிவில் வேலை செய்யும் கையில், குளித்த பிறகும், ஒரு மிக்ஸி சுவிட்சின் பொறியில் பற்றிக்கொள்ளும் அளவுக்கு எதுவும் ஊறியிருக்காது என்று நான் விளக்கியிருக்கலாம். ஆனால் அந்த வேனில் அவளோடு போய், அதே வேனில் திரும்பி வராதவர்களை அவளுக்குத் தெரியும். அவள் அந்த ஊரில் நம்பிய ஒரே இயந்திரத்தைக் கொண்டுவந்து என் மேடையில் வைத்திருந்தாள். நான் அதில் ஐஸ் காப்பி அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வந்ததும் நிலவரம் புரிந்துகொண்டு, தட்டின் முன் உட்கார்ந்தார். "எனக்கு வாய்ப்பூட்டு, தாயி. சட்னியில கல்லு நறநறங்குது, ஆனா வெளிய சொல்லப்படாது. இப்பிடி ஒரு கட்டளை."

"நீங்க ஒரு நாளாவது அரைச்சுக் குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

அப்பா தட்டில் இருந்த சட்னியை வழித்துச் சாப்பிட்டார். கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது. ஒரு நாளும் அரைக்காதவள் நானும்தான்.

அந்தச் சனிக்கிழமையே மூத்தவளை அதே சாக்குப் பையில் கட்டித் தூக்கிக்கொண்டு விருதுநகரில் சிவகாசி பஸ் ஏறினேன். ஜார்களைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்திருந்தேன். சணல் சுற்றிய கைப்பிடி மட்டும் பையின் வாயில் நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, வெடியா? பஸ்ஸுல ஏத்தக் கூடாதுன்னு தெரியாதா?"

"மிக்ஸிண்ணே."

"அதானே, சிவகாசிக்கே வெடியா கொண்டுபோவாக!" என்று அவர் உரக்கச் சொல்ல, பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்தார்கள். கூட்டத்தின் கவனம் எனக்கு ஒத்துவராது. அன்று ஏனோ அதையும் ஒரு தண்டனைபோல் ஏற்றுக்கொண்டு, பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அம்மா பையை அவிழ்க்கவே விடவில்லை. "எதுக்கு இதத் தூக்கிட்டு அலையிற? வந்தபடியே திரும்பக் கொண்டுபோ."

"கையைப் பாரும்மா."

"கை சீசன் முடிஞ்சா சரியாப்போகும். நீ எதுல அரைப்ப?"

தோழிகளிடம் பேசியிருந்தேன். தீபாவளித் தள்ளுபடி வந்ததும் மூவரும் சேர்ந்து ஒன்று வாங்குவதாக முடிவாகியிருந்தது. ஆகவே நான் சொல்லப்போவது பொய் அல்ல, சில வாரங்கள் முந்திக்கொண்ட உண்மை என்று எனக்கு நானே ஒரு வாக்கியத்தைச் செதுக்கி வைத்திருந்தேன்.

"நாங்க புதுசு வாங்கிட்டோம்" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "எப்ப?"

"நேத்து."

"நல்லா ஓடுதா?"

"ஓடுது."

"போன்ல ஓட்டிக் காட்டு. சத்தத்தக் கேட்டாத்தான் நம்புவேன்" என்றாள். போன் வழியாகக் கேட்கும் சத்தத்தை நம்புவேன் என்று என்னிடம் சொல்லும் துணிவு அவளுக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அதைச் சொல்லும்போது சிரிக்கவும் இல்லை.

ஆனால் பையை அவிழ்த்தாள். அரிசி டின் கீழே இறங்கியது. காலண்டரைக் கழற்றி வேறு ஆணியில் மாட்டினாள். மூத்தவளை மேடையில் வைத்து, ஜாரைத் தூக்கி அடியில் வெட்டியிருந்த பெயரைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். நாங்கள் சரியாகக் கழுவவில்லை, எழுத்துகளுக்குள் காப்பிக் கறை இருந்தது. புளி போட்டுத் தேய்த்தாள். மறுநாள் காலை தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டு, சில்வர் தட்டை வலது கையால் அழுத்தப் போனவள், வலி தெரிந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். மூத்தவள் இரைந்தது. நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னிடம் "போயிப் படி" என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை, விருதுநகரில், வீட்டுக்கார அக்கா கீழே அடுப்படியில் இட்லிக்குச் சட்னி அரைக்கும் நேரம் பார்த்துப் படியிறங்கினேன். "அக்கா, நீங்க அரைங்க, நான் இங்கன நின்னு ஒரு போன் பேசிக்கிறேன்" என்றேன். அக்கா என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு மிக்ஸியைப் போட்டாள்.

அம்மா எடுத்தாள். அவள் பக்கத்திலும் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நொடிதான், கத்தரித்தாற்போல நின்றது. மூத்தவள்தான்.

"கேக்குதாம்மா?" என்று கத்தினேன்.

"கேக்குது, கேக்குது." சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "மூத்தவளவிடச் சத்தமாத்தான் இருக்கு."

"இந்தக் காலத்துச் சாமான்."

"சரி, ஆஃப் பண்ணு. நீ பேசுறது கேக்கல."

அக்காவின் தேங்காய் இன்னும் பாதிகூட அரைபடவில்லை. நிறுத்துங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

"இரும்மா, ஆஃப் பண்றேன்" என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். முற்றத்தைக் கடந்தேன். முதல் படியில் கால் வைத்தேன். சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வந்தது. அதைப் போனின் மறுமுனையில் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு படி ஏறியிருப்பேன்.

"மெல்ல ஏறு பாப்பா" என்றாள். "அந்தப் படி செங்குத்து."

நின்றுவிட்டேன். மறுமுனையில் குமிழ் திரும்பும் சிறு ஓசை கேட்டது. அம்மா மூத்தவளை மறுபடி ஓடவிட்டாள்.